விதியின் மீது போட்ட பழி: ‘ரோமியோ ஜூலியட்’டை மீண்டும் வாசித்தல்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில இலக்கியத் தேர்வுகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: ‘ரோமியோ ஜூலியட்’ விதியால் விளைந்த துன்பியலா, பாத்திரங்களின் குணத்தால் விளைந்த துன்பியலா? இதற்கான விடைகளும் ஏறத்தாழ மனப்பாடமானவையே. விதி என்பவர்கள் நட்சத்திரங்களையும் கைசேராத கடிதத்தையும் சான்று காட்டுவார்கள். குணம் என்பவர்கள் காதலர்களின் அவசரத்தைச் சுட்டுவார்கள். எச்சரிக்கையான மாணவர் இரண்டுக்கும் பாதிப்பாதி இடம் கொடுத்து எழுதிவிட்டு வருவார்.

இந்தக் கேள்வியே நம்மைத் தவறான திசையில் திருப்பிவிடுகிறது என்பது என் கருத்து. ஒரு பக்கம் வானத்தை நிறுத்துகிறோம். மறுபக்கம் இன்னும் பதினான்கு வயது நிறையாத ஒரு சிறுமியையும், வயது சொல்லப்படாத ஓர் இளைஞனையும் நிறுத்துகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நகரமே இருக்கிறது. தந்தையர் இருக்கிறார்கள், வாளேந்திய பணியாளர்கள் இருக்கிறார்கள், தண்டிக்கத் தவறிய அரசன் இருக்கிறான். அவர்கள் எல்லோரும் கேள்வியிலிருந்து நழுவிவிடுகிறார்கள். நாடகமோ அவர்களைத்தான் முதற்காட்சியிலிருந்து இறுதிக்காட்சி வரை நம் கண்முன் நிறுத்துகிறது. இந்நாடகத்தில் ‘விதி’ என்பது பெரும்பாலும், வெறுப்புக்குப் பொறுப்பேற்க விரும்பாதவர்கள் கைக்கொள்ளும் சொல். இதை நாடகத்தின் நிகழ்ச்சிகளைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

முதலில் விதியின் தரப்பை நேர்மையாக எடுத்து வைப்போம். நாடகம் ஒரு முன்னுரைப் பாடலோடு தொடங்குகிறது. காதலர் இருவரும் தீய கோள்நிலையில் பிறந்தவர்கள், இறக்கப்போகிறார்கள் என்று அப்பாடல் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. விருந்துக்குப் போகுமுன் ரோமியோ ஏதோ ஒரு தீய முடிவு நட்சத்திரங்களில் தொங்கிக்கொண்டிருப்பதாக அஞ்சுகிறான். விடியற்காலையில் பிரியும்போது, கீழே நிற்கும் கணவன் கல்லறையில் கிடப்பவனைப்போலத் தெரிவதாக ஜூலியட் நடுங்குகிறாள். இவையெல்லாம் உண்மை. ஆயினும் இரண்டு செய்திகளை இங்கே கவனிக்க வேண்டும்.

ஒன்று, அந்த முன்னுரைப் பாடல் கோள்களை மட்டும் பேசவில்லை. பெற்றோரின் பகையையும் அதே மூச்சில் பேசுகிறது. பிள்ளைகளின் சாவைத் தவிர வேறெதுவும் அந்தப் பகையைத் தீர்த்திருக்க முடியாது என்கிறது. நாம் மேற்கோளாக எடுத்துக்கொள்வது கோள்களை, விட்டுவிடுவது பகையை. இரண்டு, 1597, 1599 ஆண்டுகளில் வெளிவந்த தனிப்பதிப்புகளில் உள்ள இந்த முன்னுரைப் பாடல், 1623இல் வெளியான முதல் பெருந்தொகுப்பில் இல்லை. அதற்கான காரணம் எதுவாயினும், அப்பதிப்பைக் கையில் எடுத்த வாசகருக்கு நாடகம் கோள்களோடு தொடங்கவில்லை. கபுலெட் வீட்டுப் பணியாளர் இருவர் தெருவில் வீரம் பேசிக்கொண்டு வருவதோடு தொடங்கியது. அவர்கள் வம்புக்கு ஆள் தேடுகிறார்கள், மாண்டேகு வீட்டுப் பணியாளர்கள் எதிரே வருகிறார்கள், வாள் உருவப்படுகிறது. பாடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேடையில் நிகழும் முதற்செயல் வெறுப்பின் செயல்தான்.

அந்த வெறுப்புக்குக் காரணம் என்ன? நாடகம் முழுவதையும் சல்லடையிட்டுத் தேடினாலும் விடை கிடைக்காது. நிலத்தகராறா, கொலையா, வணிகப் போட்டியா, அவமதிப்பா, எதுவும் சொல்லப்படவில்லை. பழைய பகை என்பது மட்டுமே தெரியும். இந்தக் குடிப்பெயர்கள் இத்தாலிய நகரங்களின் கட்சிச் சண்டைகளோடு தொடர்புடையவை. தாந்தே தம் காவியத்தின் ‘கழுவாயுலக’ப் பகுதியில் இவ்விரு பெயர்களையும் இத்தாலியைச் சீரழித்த பிளவுகளுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்கிறார். ஷேக்ஸ்பியரோ அந்த அரசியல் காரணத்தையும் எடுத்துவிட்டார். எஞ்சியிருப்பது காரணம் மறந்துபோன பழக்கம்.

இதில் மேலும் வியப்பான ஒன்று உண்டு. பகையின் உரிமையாளர்களான முதியவர்களுக்கே அதில் சலிப்பு வந்துவிட்டது. இளவரசனின் எச்சரிக்கைக்குப் பிறகு பாரிஸிடம் பேசும் கபுலெட், தம்மையும் மாண்டேகுவையும் போன்ற வயதானவர்கள் அமைதி காப்பது கடினமன்று என்கிறார். அன்றிரவு விருந்தில் ரோமியோ நுழைந்திருப்பதை டிபால்ட் கண்டு கொதிக்கும்போது, அவனை அடக்குபவரும் கபுலெட்தான். ரோமியோவை வெரோனா நகரம் நல்ல இளைஞன் என்று பாராட்டுவதாகக்கூட அவர் சொல்கிறார். அப்படியானால் பகையை உயிரோடு வைத்திருப்பது யார்? அதனால் தெருவில் ஒரு மிடுக்கைப் பெறும் பணியாளர்கள். அதைக் குடிப்பெருமையாக எண்ணும் டிபால்ட் போன்ற இளைஞர்கள். அதை முடித்துவைக்க ஒரு சொல் போதும் என்று தெரிந்தும் அந்தச் சொல்லைச் சொல்லாத முதியவர்கள். வெறுப்பு நீடிக்க எல்லோரும் வெறுக்க வேண்டியதில்லை. சிலர் வெறுத்தால் போதும். மற்றவர்கள் அதை வழக்கம் என்று ஏற்றுக்கொண்டால் போதும்.

இப்போது விதிவாதத்தின் மிக வலிய சான்றான கடிதத்துக்கு வருவோம். லாரன்ஸ் துறவி எழுதிய கடிதத்தை ஜான் துறவி மாந்துவாவில் இருக்கும் ரோமியோவிடம் சேர்க்க வேண்டும். வழித்துணைக்காகத் தம் சபையைச் சேர்ந்த மற்றொரு துறவியைத் தேடிப் போகிறார். அந்தத் துறவி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தொற்று கண்ட வீட்டில் இருவரும் இருந்திருக்கலாம் என்று ஐயுற்ற நகர அதிகாரிகள் கதவை மூடி முத்திரையிட்டுவிடுகிறார்கள். கடிதம் போகவில்லை. ஜூலியட் இறந்துவிட்டாள் என்ற பொய்ச் செய்தியைப் பணியாளன் பால்தசார் முந்திக்கொண்டு கொண்டுபோகிறான்.

இது தற்செயல்தான். ஆனால் அன்றைய லண்டன் பார்வையாளருக்கு இது வானத்திலிருந்து விழுந்த தற்செயலாகத் தோன்றியிருக்காது. 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் லண்டனின் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. நோய் கண்ட வீட்டை உள்ளிருப்போரோடு சேர்த்து அடைத்துவைப்பது அவர்கள் கண்ட நடைமுறை. நாடகம் எழுதப்பட்டது 1595ஆம் ஆண்டை ஒட்டி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அடைக்கப்பட்ட கதவு என்பது அவர்களுக்கு அண்மை நினைவு.

அதைவிட முதன்மையான கேள்வி வேறு. ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் இடையே செய்தி போக ஏன் ஒரு துறவியின் ஒற்றைக் கடிதம் மட்டுமே வழியாயிற்று? அவர்களின் திருமணம் மறைக்கப்பட்டிருந்தது. பகை இருந்ததால் மறைக்கப்பட்டது. ரோமியோ நாடு கடத்தப்பட்டிருந்தான். டிபால்ட்டைக் கொன்றதால் கடத்தப்பட்டான். பகை இருந்ததால் அந்தச் சண்டை மூண்டது. ஜூலியட் பொய்ச்சாவு சாக வேண்டியிருந்தது. முதல் திருமணத்தை வீட்டில் சொல்ல வழியில்லாததால் இரண்டாம் திருமணத்திலிருந்து தப்ப வேறு வழி இல்லை. பகையற்ற ஒரு நகரத்தில் தாமதமான கடிதம் வெறும் தாமதமான கடிதமாக இருந்திருக்கும். இரண்டு நாள் கவலை, அதன்பின் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எல்லா நேர்வழிகளையும் வெறுப்பு அடைத்துவிட்ட பிறகுதான், எஞ்சிய ஒற்றைச் சந்தில் கிடக்கும் சிறு கல்லும் உயிரைக் குடிக்கிறது. கல்லை மட்டும் பார்ப்பவருக்கு அது விதி. அடைபட்ட வழிகளைப் பார்ப்பவருக்கு அது வேறொன்று.

குணவாதத்தையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். இளையோரின் அவசரம்தான் அழிவுக்குக் காரணம் என்பது நெடுங்காலக் கருத்து. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக அமைந்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுச் செய்யுள்நூல், தன் முன்னுரையில் பெற்றோரின் அறிவுரையை மதியாத காதலர்களைக் கண்டித்தே பேசுகிறது. புரூக்கின் கதையில் நிகழ்ச்சிகள் பல மாதங்கள் நீள்கின்றன. மணமான காதலர்கள் மறைவில் வாழக் காலம் கிடைக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை ஒரு ஞாயிறு காலையிலிருந்து வியாழன் விடியல் வரை சுருக்கினார். புரூக்கில் பதினாறை நெருங்கும் ஜூலியட்டின் வயதையும் பதின்மூன்றாகக் குறைத்தார். ஆக, இந்நாடகத்தில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள் என்பது சரி. யாருடைய அவசரம் கொல்கிறது என்பதே கேள்வி.

தோட்டக் காட்சியில், இந்த உறவு மிக விரைவாக, மிகத் திடீரென நேர்கிறது என்று அஞ்சித் தயங்குபவள் ஜூலியட். அன்பின் நோக்கம் திருமணம்தானா என்று உறுதி கேட்பவளும் அவளே. மறுபுறம், மகளின் சம்மதம் கிடைத்தால்தான் தம் சம்மதம் என்று தொடக்கத்தில் பாரிஸிடம் சொன்ன கபுலெட், டிபால்ட் இறந்த அன்றிரவே மகளைக் கேளாமல் வியாழனன்று மணநாள் குறிக்கிறார். அவள் மறுத்தபோது தெருவில் கிடந்து பட்டினியால் சாகச் சொல்கிறார். அவள் பணிந்ததாக நடித்ததும் மகிழ்ச்சியில் மணநாளைப் புதன்கிழமைக்கு முன்னே இழுக்கிறார். அந்த ஒரு நாள், கடிதம் மறுபடி போய்ச் சேர்வதற்கு வேண்டியிருந்த நாள். தந்தையின் அவசரம் அதிகாரத்தின் அவசரம். பிள்ளைகளுடையது அந்த அதிகாரத்துக்கு முன் ஓடித் தப்ப முயல்வோரின் அவசரம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது நியாயமன்று.

இங்கே சட்டநிலை ஒன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அக்காலத் திருச்சபைச் சட்டத்தில் பெண்ணுக்குத் திருமண வயது பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு. பெற்றோரின் ஒப்புதல் இல்லாவிட்டாலும் இருவரின் மனமொத்த உறுதிமொழி திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிவிடும். ஆகவே லாரன்ஸ் துறவியின் அறையில் நடந்தது உண்மையான திருமணம். அதன்பின் பாரிஸை மணந்துகொள்ளும்படி செவிலி சொல்லும் அறிவுரை, நடைமுறைக்கு ஒத்ததாகத் தோன்றினாலும், ஒரு மனைவியை இரண்டாவது மணத்துக்குத் தூண்டுவதாகும். நஞ்சு போன்ற அந்த மருந்தைக் குடிக்கும் சிறுமி, அந்த வீட்டில் சட்டத்தையும் சமயத்தையும் மதிக்கும் ஒரே ஆள். அவளைத்தான் நாம் அவசரக்காரி என்று தேர்வுத்தாளில் எழுதுகிறோம்.

அப்படியானால் காதல் மாசற்றதா? அப்படியும் நாடகம் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் அதன் நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. மணம் முடித்த சிறிது நேரத்தில் ரோமியோ தெருவில் டிபால்ட்டை எதிர்கொள்கிறான். இப்போது டிபால்ட் அவனுக்கு உறவினன். உன்னை நேசிக்கக் காரணம் இருக்கிறது என்று அவன் சொல்கிறானே தவிர, அந்தக் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை வாள் உறைக்குத் திரும்பியிருக்கலாம். ஒருவேளை ஜூலியட் அன்றே வீட்டில் சிறைப்பட்டிருக்கலாம். அவன் மௌனத்தைக் கோழைத்தனம் என்று கொண்ட மெர்குஷியோ சண்டைக்குள் பாய்கிறான். தடுக்க வந்த ரோமியோவின் கைக்குக் கீழாகக் குத்துப்பட்டு, இரு குடும்பங்களையும் சபித்துக்கொண்டே சாகிறான். அடுத்த கணம் ரோமியோவும் தெருவின் விதிக்கு ஆட்படுகிறான். ஜூலியட்டின் அழகு தன்னைப் பெண்மைப்படுத்திவிட்டது என்று காதலையே பழித்துவிட்டு டிபால்ட்டைக் கொல்கிறான். இறுதியில் கல்லறை வாயிலில் பாரிஸையும் கொல்கிறான்.

காதலும் வெறுப்பும் இந்நாடகத்தில் ஒளியும் இருளும் போல எதிரெதிரே நிற்பவை என்று எழுதுவது எளிது. ஆனால் காதலன் கையிலும் வாள் இருக்கிறது. அதை எப்போது உருவ வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதே நகரம். மறைவில் மட்டும் வாழ அனுமதிக்கப்பட்ட காதல், வெளிச்சத்துக்கு வந்தவுடன் வெறுப்பின் மொழியையே பேசுகிறது. ரோமியோவின் மீது நமக்கு இரக்கம் உண்டு. ஆனால் டிபால்ட்டைக் கொன்றவுடன் தான் விதியின் கைப்பாவையாகிவிட்டதாக அவன் அலறும்போது, அந்தச் சொல் ஒரு கொலைக்குப் பிறகு வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

விதி என்ற பேச்சு எப்போது, யார் வாயிலிருந்து வருகிறது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயனுள்ள பயிற்சி. கல்லறையில் ஜூலியட் கண் விழிக்கிறாள். நம்மால் எதிர்க்க முடியாத பெரிய ஆற்றல் ஒன்று நம் திட்டத்தைக் குலைத்துவிட்டது என்கிறார் லாரன்ஸ் துறவி. அவளை ஒரு கன்னிமாடத்தில் சேர்த்துவிடுவதாகவும் சொல்கிறார். காவலர் வரும் ஓசை கேட்டதும் அவளைத் தனியே விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். இத்திருமணம் குடும்பப் பகையைத் தீர்க்கும் என்ற கணக்கில் அதை நடத்திவைத்தவர் அவர். இரண்டு இளையோரைச் சமாதானக் கருவியாக்கியவர். ஓட வேண்டிய நேரத்தில் பெரிய ஆற்றல் துணைக்கு வருகிறது. ஆனால் அதே துறவி இளவரசன் முன் நிறுத்தப்பட்டவுடன் நடந்தவற்றை ஒன்றுவிடாமல் சொல்லி, தம் பிழையால் ஏதேனும் நேர்ந்திருந்தால் தம் உயிரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். கல்லறை இருட்டில் விதி பேசியவர், விசாரணையின் முன் பொறுப்பைப் பேசுகிறார். நாடகம் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயலன்று.

இளவரசன் எஸ்கலஸும் வானத்தைப் பேசுகிறான். ஆனால் அவன் பேச்சில் வானம் தண்டிப்பது இரு குடும்பங்களின் வெறுப்பை. உடனே தன்னையும் அந்தத் தண்டனைக்குள் சேர்த்துக்கொள்கிறான்: உங்கள் சச்சரவுகளைக் கண்டும் காணாமலிருந்ததால் நானும் உறவினர் இருவரை இழந்தேன் என்கிறான். அந்த இருவர் மெர்குஷியோவும் பாரிஸும். முதற்காட்சிக்கு முன்பே மூன்று கலவரங்களைக் கண்டவன் அவன், மரணதண்டனை என்று மிரட்டியவன், செயலில் தளர்ந்தவன். அரசு தன் கடமையில் கண்ணை மூடிக்கொண்டதை அரசனே ஒப்புக்கொள்ளும் அந்த இடம்தான் நாடகத்தின் உண்மையான தீர்ப்பு. விதிவாத வாசிப்பில் அதற்கு இடமே இருப்பதில்லை.

புரூக்கின் கதையில் இறுதித் தண்டனைகள் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. திருமணத்தை மறைத்த செவிலி நாடு கடத்தப்படுகிறாள். நஞ்சு விற்ற மருந்துக்காரன் தூக்கிலிடப்படுகிறான். பகை வளர்த்த குடும்பத் தலைவர்களுக்குத் தண்டனை இல்லை. ஷேக்ஸ்பியர் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, சிலர் மன்னிக்கப்படுவர், சிலர் தண்டிக்கப்படுவர் என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். யார் யார் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த மருந்துக்காரனை நினைத்துப் பாருங்கள். பசியால் எலும்பாகிப்போனவன், மாந்துவாவில் நஞ்சு விற்றால் மரணம் என்று தெரிந்தவன், நாற்பது பொற்காசுகளுக்கு வறுமையால் இணங்குகிறான். உலகத்தின் சட்டம் உனக்கு நண்பனில்லை என்று ரோமியோவே அவனிடம் சொல்கிறான். கோள்நிலை பற்றிய பேச்செல்லாம் பெருங்குடியினருக்கு. ஏழைக்குக் கிடைப்பது கயிறு.

பிறகு சிலைகள். மாண்டேகு ஜூலியட்டுக்குப் பொற்சிலை நாட்டுவதாக அறிவிக்கிறார். கபுலெட் அதற்கு இணையாக ரோமியோவுக்கும் என்கிறார். கையைக் கோத்துக்கொள்ளும்போதும் யார் பெரியவர் என்ற போட்டியின் சாயல் இருக்கிறது. உயிரோடிருந்த மகளின் ஒரு சொல்லைக் கேட்க முடியாதவர்களுக்கு அவள் சிலைக்குப் பொன் இருக்கிறது. பின்வந்த நாடக மரபும் இந்தச் சிலை எழுப்பும் வேலையைத் தொடர்ந்தது. 1748இல் டேவிட் காரிக் திருத்தியமைத்த வடிவத்தில், ரோமியோ சாகுமுன் ஜூலியட் விழித்துக்கொள்கிறாள். இருவரும் இறுதியாகப் பேசிப் பிரிகிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் மேடை அந்த வடிவத்தையே விரும்பியது. 1968இல் வந்த செஃபிரெல்லியின் திரைப்படத்தில் பாரிஸின் சாவு இல்லை. காதலர்களின் முகம் பெரிதாகும்தோறும் அவர்களைச் சுற்றியிருந்த பிணங்களும் சாட்சியங்களும் மறைகின்றன. நாம் நன்றாக அழுகிறோம். யாரையும் கேள்வி கேட்பதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. துன்பியலைச் சமூகவியலாகச் சுருக்குகிறாய், அச்சமும் வியப்பும் தரும் அந்த மேலான உணர்வை இழக்கிறாய் என்பார்கள். விதி இந்நாடகத்தின் வடிவத்தில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. முடிவு முன்கூட்டியே தெரிவதால்தான் ஒவ்வொரு காட்சியும் நெஞ்சைப் பிடிக்கிறது. ஆனால் முன்கூட்டித் தெரிவது வேறு, காரணமாவது வேறு. முடிவு தெரிந்த பார்வையாளர் ‘இனி என்ன நடக்கும்’ என்று கேட்பதில்லை. ‘இதை இங்கே யார் தடுத்திருக்கலாம்’ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்கத் தொடங்குகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மனிதர் நிற்கிறார். எனக்கு இந்நாடகத்தின் துன்பம் இதில்தான் இருக்கிறது. தடுத்திருக்க முடியாத சாவைவிடத் தடுத்திருக்கக்கூடிய சாவு கொடியது.

தமிழில் இதைக் கற்பிப்போர் ஒரு சொல்லில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லை ‘ஊழ்’ என்று பெயர்க்கும்போது, அவரவர் வினையின் பயன் அவரவரைச் சேரும் என்ற கருத்தும் உடன் நுழைந்துவிடுகிறது. வெரோனாவின் கோள்களில் அப்படி ஓர் அறக்கணக்கு இல்லை. அங்கே பெற்றோரின் வினையைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள். ஊழை வலியுறுத்தும் சிலப்பதிகாரத்திலேயே கண்ணகி ஊழை நொந்து அமையவில்லை. அரசவைக்குச் சென்று வழக்குரைத்தாள். பிழை உணர்ந்த பாண்டியன் தன் உயிரையே விட்டான். ஊழை நம்பிய காப்பியமும் விசாரணையைக் கைவிடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இந்த நாடகம் இந்திய வகுப்பறையில் வெறும் பாடமாக நிற்பதில்லை. நம் மாணவர்கள் நாளிதழில் ஆணவக்கொலைச் செய்தி படித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள், உடனே ஒப்பிடுகிறார்கள். ஒப்பீடு இயல்பானது. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மழுங்கடித்துவிடக் கூடாது. முன்னுரைப் பாடல் சொல்லும் முதற்செய்தியே இரு குடும்பங்களும் மதிப்பில் சமமானவை என்பது. அதனால்தான் இறுதியில் இரு தந்தையரும் கைகோக்க முடிகிறது. சாதி அப்படி இயங்குவதில்லை. அங்கே வாள் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே வருகிறது. 1988இல் வந்த ‘கயாமத் சே கயாமத் தக்’ என்ற இந்திப் படம் இரு சமநிலைக் குடும்பங்களின் பகையைக் காட்டி வெரோனாவின் அமைப்பைக் காத்தது. 2016இல் நாகராஜ் மஞ்சுளே இயக்கிய ‘சைராட்’ என்ற மராத்திப் படம் அந்தச் சமநிலையை உடைத்தது. அங்கே கடிதம் தவறவில்லை, நாள் மாறவில்லை, கோள்களும் இல்லை. பெண்ணின் உறவினர்கள் பரிசுப்பொருள்களோடு வீட்டுக்கு வந்து கொன்றுவிட்டுப் போகிறார்கள். விதி என்று சொல்ல ஒரு சிறு இடுக்கையும் அந்தப் படம் விட்டுவைக்கவில்லை.

2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் ஒருவரையொருவர் துணையாகத் தேர்ந்துகொள்ளும்போது குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. அச்சுறுத்தல் வந்தால் காவல்துறை என்ன செய்ய வேண்டும், தவறும் அதிகாரி மீது என்ன நடவடிக்கை என்றும் வகுத்தது. எஸ்கலஸின் குற்ற ஒப்புதலை இந்தத் தீர்ப்போடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். கண்டும் காணாமலிருப்பது நடுநிலையன்று, கொலையில் பங்கு என்பதே இரண்டும் சொல்வது. ஒன்று பிணங்களுக்கு நடுவே நின்று சொல்கிறது. மற்றொன்று இன்னும் உயிரோடிருப்பவர்களுக்காகச் சொல்கிறது.

ஆகவே வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்களுக்கும் உடன் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதியா குணமா என்ற கேள்விக்கு ஓய்வு கொடுங்கள். பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்நாடகத்தின் ஐந்து நாள்களில் இந்தச் சாவுகளைத் தடுத்திருக்கக்கூடியவர் யார், எந்தக் காட்சியில், ஏன் தடுக்கவில்லை? இதற்கு மாணவர் மேடையில் நடப்பதைப் படித்தே விடை எழுத வேண்டும். கபுலெட்டையும் செவிலியையும் துறவியையும் இளவரசனையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி விசாரிக்க வேண்டும். அந்தப் பயிற்சி பெற்ற மாணவர், நாளை தம் ஊரில் இரண்டு இளையோர் கொல்லப்பட்டு, ‘விதி முடிந்துவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்லும்போது தலையாட்டிவிட்டு நகர மாட்டார் என்று நம்புகிறேன்.

மாறுபட்ட வாசிப்பு உடையவர்கள், குறிப்பாக விதிவாதத்தை இன்னும் வலுவாக நிறுவக்கூடியவர்கள், பின்னூட்டத்தில் எழுதுங்கள். பேசுவோம்.